வடக்கு வேலிப் பக்கம் கூப்பிட்ட குரல்

இது நடந்தது. எவரோ எவருக்கோ சொல்லி, காது மூக்கு வைத்து வந்து சேர்ந்த கதை இல்லை. நடந்தது ஜெயசெல்விக்கு. அவள் வாயால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் பயந்த சுபாவக்காரி இல்லை. நாசரேத்தில் பிறந்து, வேலூரில் நர்சிங் படித்து, டெக்சஸில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி வார்டில் வேலை பார்த்தவள். செத்தவர்களைத் துடைத்து, தாடையைக் கட்டி, போர்த்தி அனுப்பியவள். "பேய் கீய்னு எனக்கு ஒண்ணும் கிடையாது" என்று இன்றைக்கும் சொல்வாள். "ஆனா அன்னைக்கு நான் கேட்டதக் கேட்டேன். அத எப்படி இல்லைன்னு சொல்றது?"

1984, மார்ச் கடைசி வாரம்.

அவள் கணவன் ஜெபதாஸ் மெட்ராஸில் படித்த மாட்டு டாக்டர். அமெரிக்காவில் அவனுக்குக் கிடைத்தது, அமரில்லோ பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. நாள் முழுக்கத் தோலுரித்துத் தொங்கவிட்ட மாடுகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வெறுத்துப்போயிற்று. உயிருள்ள மாடு வேண்டும் என்றான். ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, கொஞ்சம் பசுக்களை வாங்கிவிட்டான். ஜெயசெல்வி வேண்டாம் என்றுதான் சொன்னாள். கேட்கவில்லை.

மரம் இல்லாத சமவெளி அது. ஒரு வீடு. எழுபது எண்பது அடி தள்ளி ஒரு கொட்டகை. அதன் பக்கத்தில், வடகாற்றைத் தடுக்க நீளமாக ஒரு பலகைத் தடுப்பு. அப்புறம் எந்தப் பக்கம் பார்த்தாலும் புல், முள்கம்பி வேலி, மறுபடி புல். அடுத்த வீடு வெர்னன் என்ற கிழவருடையது. அது நான்கு மைல்.

ஜெபதாஸ் தினமும் விடியற்காலையில் தீவனம் போடுவான். வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு வடக்கே பார்த்துக் கூப்பிடுவான். "வாஆஆ... வா... வா..." மூன்று தடவை. அதற்குள் குளிர்காற்று தொண்டையில் இறங்கிவிடும். சின்னதாக ஓர் இருமல். அவ்வளவுதான். எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்த மாடெல்லாம் வரிசை பிடித்து வந்துவிடும். டெக்சஸ் மாடுகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டதாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான்.

அது கன்று ஈனுகிற காலம். முக்கால்வாசிப் பசுக்கள் ஈன்றுவிட்டன. முதன்முறை ஈனப்போகிற தலையீத்துக் கிடாரிகள் மூன்று மட்டும் மடி இறங்கி, இன்றோ நாளையோ என்று நின்றன.

அன்று காலை நல்ல வெதுவெதுப்பு. ஜெபதாஸ் குளிருக்குப் போடும் கோட்டு இல்லாமலேயே வேலைக்குப் போனான். மதியத்துக்குள் காற்று வடக்கே திரும்பியது. வானத்து ஓரத்தில் கருநீலமாக ஒரு சுவர் எழும்பி நின்றது. முதலில் மழை. பிறகு ஐஸ் பொடி. பிறகு பனி... மேலிருந்து கீழே விழவில்லை, படுக்கைவாட்டில் பறந்து வந்தது.

போன் அடித்தது.

"செல்வி, ஹைவே க்ளோஸ் பண்ணிட்டான். போலீஸ் யாரையும் விடமாட்டேங்கறான். நான் கிளம்ப முடியாது."

"நான் என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க."

"தலையீத்து மூணையும் கொட்டகைக்குள்ள ஏத்திரு. மத்ததெல்லாம் தடுப்புக்குப் பின்னாடி படுத்துக்கும். காத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறதுதான் மாட்டோட புத்தி. ரொம்ப அடிச்சா தெற்க தள்ளிட்டே போகும். தடுப்பு இருக்கறதால போகாது."

"சரி."

"கிச்சன் கதவுலேர்ந்து கொட்டகைக்குக் கயிறு கட்டு. கயித்த விட்டு ஒரு அடி தள்ளாத. கைய நீட்டினா கை தெரியாது. புரியுதா?"

"எலிசா தனியா இருப்பாளே."

"டிவிய போட்டு உக்கார வை. வேற வழி இல்ல."

எலிசாவுக்கு நான்கு வயது. தமிழ் புரியும். பதில் எல்லாம் இங்கிலீஷில் வரும். "ஸ்டே ஹியர்" என்று சோபாவில் உட்கார வைத்து, மடியில் ஒரு போர்வையும் பிஸ்கட் டப்பாவும் கொடுத்துவிட்டு ஜெயசெல்வி வெளியே வந்தாள். கயிற்றைக் கட்டினாள். மூன்று கிடாரிகளையும் தட்டித் தடவி உள்ளே ஏற்றினாள். அதற்குள் கண்ணிமையில் ஐஸ் கட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை. கயிறு மட்டும் வெள்ளைக்குள் போய் மறைந்தது.

மூன்றரை மணிக்கு ஒரு கிடாரி முக்க ஆரம்பித்தது. தண்ணீர்க்குடம் உடைந்து நேரமாகியும் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. ஒரே ஒரு குளம்பு. ஜெயசெல்வி கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு ஓடி ஜெபதாஸுக்குப் போன் செய்தாள்.

"ஒரு கால் மடங்கிக் கிடக்கு. நீதான் உள்ள கைய விட்டு எடுக்கணும்."

"எனக்கு மனுஷப் பிரசவம்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதான். கன்னுக்குட்டிய முதல்ல உள்ள தள்ளு. அது முக்கறப்ப தள்ளாத. குளம்ப உன் உள்ளங்கையில மூடிப் பிடிச்சுக்க, கிழிச்சிடாம. அப்புறம் மெதுவா..."

லைன் செத்துப்போனது. டயல் டோன்கூட இல்லை.

அவள் ரிசீவரை வைத்தாள். எலிசாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். மறுபடி கயிறு.

கொட்டகைக்குள் சட்டையைத் தோள்வரை மடித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் பூசிக் கையை உள்ளே விட்டாள். கன்றின் மூக்கு தட்டுப்பட்டது. விரலை வாய்க்குள் வைத்தாள். சப்பியது. உயிரோடு இருந்தது. "இரு கண்ணு, எடுத்துடறேன்" என்றாள். மடங்கிய முழங்கால் விரல் நுனிக்கு எட்டியது. இன்னும் நான்கு அங்குலம் போனால் குளம்பு.

அப்போதுதான் கேட்டது.

"வாஆஆ... வா... வா..."

பிறகு ஓர் இருமல்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வந்துவிட்டார். எப்படியோ வந்துவிட்டார். கை மாட்டுக்குள் இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மூச்சில்தான் கணக்கு உறைத்தது.

கால் மணி நேரம் முன்னால் அவன் தொழிற்சாலையிலிருந்து பேசினான். ஒரு மணி நேர வழி அது, நல்ல நாளில்.

"வாஆஆ... வா... வா..." இருமல்.

கிடாரி முக்குவதை நிறுத்தியது. பிரசவ வலியில் இருக்கும் மாடு அப்படி நிறுத்தாது. அது தலையைத் தூக்கிற்று. மற்ற இரண்டும் தூக்கின. மூன்று ஜோடிக் காதும் ஒரே திசையில் நின்றன. வடக்கே.

வெளியே ஏதோ அசைந்தது. குளம்புகள். நிறைய.

ஜெயசெல்வி கையை உருவிக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தாள். காற்று அடிக்காத அந்த மறைவில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது: தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்த பசுக்கள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. எழுந்த பசு பனியை உதறவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, தினமும் தீவனத்துக்கு வருகிற அதே வரிசையில் நடந்தன. தடுப்பைச் சுற்றிக்கொண்டு... வடக்கே. காற்றுக்கு எதிராக. முகத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிற பனிக்கு நேராக.

கன்றுகள் கத்தின. தாய்கள் திரும்பவில்லை.

அவள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். "ஹேய்... ஹோ... திரும்பு" என்று கத்தினாள். கையில் கிடைத்த குச்சியால் ஒரு பசுவின் மூக்கிலேயே அடித்தாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடித்தது தெரிந்ததாகவே காட்டவில்லை. சூடான விலா ஒன்று அவள் கையை உரசியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இரண்டு அடி தாண்டியதும் வெள்ளை விழுங்கிவிட்டது.

கடைசிப் பசுவின் வாலைப் பிடித்து இழுத்தாள். கையில் கொஞ்சம் மயிர் மட்டும் மிஞ்சியது.

அப்போது ஒரு யோசனை வந்தது. ஒருவேளை அவரேதானோ. எவனாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டானோ. வீடு தெரியாமல் வேலிப் பக்கம் மாட்டிக்கொண்டு, மாடு வந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று கூப்பிடுகிறாரோ. விறைத்துச் சாகப் போகிறாரோ.

"என்னங்க?" என்று கத்தினாள்.

"வா."

பக்கத்தில். அவ்வளவு பக்கத்தில்.

"என்னங்க... நீங்களா?"

"வா."

"எங்க இருக்கீங்க? இங்க கயிறு இருக்கு. என் சத்தத்தப் பிடிச்சு வாங்க."

"வா."

"அடி பட்டிருக்கா?"

"வா."

வேறு வார்த்தையே இல்லை.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். நர்ஸ் அவள். மூச்சைக் கேட்டுப் பழகியவள். அந்தப் புயலில் அவள் குரலே வாயை விட்டு வெளியே வந்ததும் கிழிந்து போயிற்று. அந்தக் குரல் கிழியவில்லை. காற்று ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு. நடுவில் மூச்சு வாங்கவில்லை.

இருமல் மட்டும் வந்தது. ஒவ்வொரு மூன்றாவது "வா"வுக்குப் பின்னும். அதே இருமல். ஒரு மயிரிழை மாறவில்லை.

விடியற்காலையில், அமைதியான புல்வெளியில், அவன் இருமுகிற இருமல்.

"என்னங்க?" என்றாள் மறுபடி. கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டது.

பதில் வரவில்லை.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்.

பிறகு வந்தது. வடக்கே இருந்து அல்ல. பின்னால் இருந்து.

வீட்டுப் பக்கம்.

"வாஆஆ..."

எலிசா.

கயிற்றைப் பிடித்து ஓடினாள். விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. கிச்சன் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே லினோலியம் தரையில் பனி. படியில் குழந்தை நின்றது. சாக்ஸ் மட்டும் போட்ட காலில். ஒரு கால் படியில், ஒரு கால் பனியில்.

முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ கை கொடுப்பதற்குக் காத்திருப்பது போல.

"டாடி செட் 'வா'" என்றது.

ஜெயசெல்வி அவளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். மேசையை இழுத்துப் போட்டாள். குழந்தையின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்தாள்.

அது வீட்டைச் சுற்றி வந்தது.

கிச்சன் ஜன்னல்.

"வா."

பெட்ரூம் ஜன்னல்.

"வா."

வாசல் கதவு.

இருமல்.

காலடிச் சத்தம் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கொட்டகையில் கிடாரி கத்த ஆரம்பித்தது. வலி திரும்பிவிட்டது. நான்கு அங்குலம். இன்னும் நான்கு அங்குலம்தான் பாக்கி. விரலைச் சப்பிய கன்று உள்ளே கிடந்தது. ஜெயசெல்விக்கு அது தெரியும். எழுந்து போகக் கால் வரவில்லை. குழந்தையை விட்டுப் போகவும் முடியாது, எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஜெபம் பண்ணப் பார்த்தாள். தினமும் சொல்கிற ஜெபம்தான். பாதியில் மறந்துபோயிற்று.

கிடாரி வெகு நேரம் கத்தியது.

இருட்டுகிற நேரத்தில் நின்றது.

அதோடு அந்தக் குரலும் நின்றது.

மறுநாள் மத்தியானம் பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் ஜெபதாஸ் வந்து சேர்ந்தான். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் உள்ளே வராமலே திரும்பினான். கொட்டகைக்குப் போனான். கிடாரியும் செத்திருந்தது, கன்றும் செத்திருந்தது. மற்ற இரண்டு கிடாரிகளும் வடக்குச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, நெற்றித் தோல் உரிந்து ரத்தம் வழிய நின்றன. தடுப்புக்குப் பின்னால் விட்டுப்போன கன்றுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"நீ நேத்து சாயந்தரம் வந்தியா?" என்று அவள் கேட்டாள். கல்யாணமாகி அவனை ஒருமையில் அழைத்தது அந்த ஒரு தடவைதான். அவளுக்கே தெரியவில்லை.

"இல்ல செல்வி. கேன்டீன்ல தரையில படுத்துக் கிடந்தேன்."

வெர்னன் டிராக்டரில் வந்தார். மூன்று பேருமாக மாடுகளைத் தேடிப் போனார்கள். குழந்தையை ஜெயசெல்வி தோளை விட்டு இறக்கவில்லை.

பசுக்கள் வடக்கு வேலியில் இருந்தன. எல்லாமே. பனி கழுத்து வரை மூடியிருந்தது. நின்றபடியே செத்திருந்தன. மூக்குத் துவாரங்களில் ஐஸ் அடைத்திருந்தது. அத்தனை முகமும் வேலிக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அப்பால் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

வெர்னன் ஒரு பசுவின் மூக்கிலிருந்த ஐஸைக் கையால் தட்டிப் பார்த்தார். ஐம்பது வருஷமாகப் புயலில் மாடு சாவதைப் பார்த்தவர் அவர். எல்லாம் தெற்கு வேலியில்தான் சாகும் என்றார். வடக்கு வேலியில் செத்து அவர் பார்த்தது இதற்கு முன் ஒரே ஒரு தடவை. இதே இடத்தில். அப்போது அங்கே இருந்த பண்ணைக்காரரின் மனைவியும் மாடுகளோடு விறைத்து நின்றிருந்தாளாம்.

பிறகு ஜெபதாஸிடம் கேட்டார், மாட்டை எப்படிக் கூப்பிடுவாய் என்று.

"வாயாலதான்" என்றான் அவன்.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் யாரும் வாயால் கூப்பிடுவதில்லை, பிக்கப் வண்டி ஹாரன்தான் அடிப்போம் என்றார். ஏன் என்று ஜெபதாஸ் கேட்டான். அவர் டிராக்டரை ஸ்டார்ட் செய்துவிட்டார். "யாராவது சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதமே காலி செய்துவிட்டார்கள். ஜெபதாஸ் டாலஸ் பக்கம் மாற்றல் வாங்கினான். பிளானோவில் ஒரு அப்பார்ட்மென்ட். ஜெயசெல்விக்கு அங்கே ஆஸ்பத்திரி வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், சனிக்கிழமை இந்தியன் ஸ்டோர் என்று வாழ்க்கை ஓடியது. ஜெபதாஸ் மாடு என்ற பேச்சை எடுக்கவில்லை. வெளியில் நின்று யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும் இல்லை. பிள்ளையைக்கூடப் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் அழைப்பான். அந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்டது ஒரே தடவை. "பயத்துல அப்படிக் கேட்டிருக்குமோ?" என்றான். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நாலு வருஷம் கழித்து, 1988 மார்ச்சில், ஒரு சாயங்காலம் போன் வந்தது. வீட்டில் அவள் மட்டும்தான். பேசியது ஓர் அமெரிக்கன். பெயர் டேல் என்றான். அந்தப் பண்ணையை இப்போது அவன்தான் எடுத்திருக்கிறானாம், வெர்னன்தான் நம்பர் கொடுத்தாராம். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றான். அங்கே பனிப்புயல், லைன் கரகரவென்று இருந்தது. ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். உங்கள் மொழியில் "வா" என்றால் என்ன?

ஜெயசெல்வி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டேல் சொன்னான். மதியத்திலிருந்து வடக்கு வேலிப் பக்கம் ஓர் ஆள் குரல் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. மாடெல்லாம் எழுந்து போய்விட்டன, தடுக்க முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆளுக்கு ஒரு பெண் பதில் சொல்கிறாள். பாவம், வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவள் போல இருக்கிறது. டேலின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவளைக் கூட்டி வருகிறேன் என்று இப்போதுதான் வெளியே போனாள்.

"கூப்பிடுங்க" என்றாள் ஜெயசெல்வி. தமிழில்தான் வந்தது. பிறகுதான் இங்கிலீஷ் வந்தது. "அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க... வேணாம், பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. ஓடிப் போய்ப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, டேல் ரிசீவரை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினான். பூட்ஸ் சத்தம். கதவு திறக்கும் சத்தம். காற்று உள்ளே புகுந்து எதையோ தட்டி உடைத்த சத்தம்.

அவன் மனைவியை வேலி கேட் பக்கத்திலேயே பிடித்துவிட்டான். இரண்டு விரல் போயிற்று, உயிர் தப்பியது. அது பிறகு தெரிந்தது. அடுத்த வாரமே அவர்களும் காலி செய்துவிட்டார்கள்.

ஆனால் அவன் திரும்பி வரும் வரை ஜெயசெல்வி ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். திறந்த கதவு வழியாக, அந்தக் காற்றுக்குள்ளிருந்து, எங்கேயோ தூரத்தில்...

"வாஆஆ... வா... வா..."

இருமல்.

பிறகு அந்தப் பெண்.

"என்னங்க?"

கிராஸ் டாக்காக இருக்கும், லைனில் எதிரொலித்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜெயசெல்வி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.